நாலு அட்டை, ஒரே சரக்கு

இப்போது என் கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஏற்கெனவே என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். காசிமேட்டில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அதே மாதிரி.

என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கதை சொல்லிவைத்திருந்தேன். ஒருவரிடம் மணலிக் காற்று என்றேன். இன்னொருவரிடம் ஓட்டல் தண்ணீர் என்றேன். யார்டில் ஒரு பையனிடம் கண் வைத்துவிட்டார்கள் என்றுகூடச் சொன்னேன், அவன் நம்பிவிட்டான். எந்தக் கதையை யாரிடம் சொன்னேன் என்பது எனக்கே குழம்பிப்போனதால், நடந்ததை ஒரே தடவை எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி ரீட்டா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு, எழுதின ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் காட்டச் சொல்கிறாள். அதனால் இதில் பொய் கலக்க வழியில்லை.

முதலில் என்னைப் பற்றி. பெயர் சவரிமுத்து, வயது ஐம்பத்தொன்று, வீடு ராயபுரம். திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் சீலையும் பார்த்து, தாளில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று டிக் அடிக்கிற வேலை. பெட்டிக்குள் பொம்மை இருக்கிறதா, போல்ட் நட்டு இருக்கிறதா என்பது என் கவலை இல்லை. நம்பர் வேறு என்றால் பெட்டி வேறு. இருபத்து நாலு வருஷமாக இதுதான் என் படிப்பு.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. நான் மாத்திரை போடாதவன். எங்கப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு மாத்திரை விழுங்கியதில்லை, ஒரு ஊசி போட்டதில்லை என்று யார்டில் எல்லோரிடமும் சொல்வேன். அவர் ஐம்பத்து நாலு வயதிலேயே போய்ச் சேர்ந்ததை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் கதையின் கெத்து போய்விடும்.

இந்தப் பெருமைக்குப் பலியானவர் என் மாமனார் சூசை. பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளுக்கு பிரேக் பார்த்து ரிட்டையர் ஆனவர். சர்க்கரை, பிரஷர், இன்னும் ஏதோ ஒன்று. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் தகர டப்பா, அதற்குள் மாத்திரைகள், அவற்றின் மேல் நாலாக மடித்த ஒரு சீட்டு. நடந்தால் கலகலவென்று சத்தம் வரும். நான் அவருக்கு வைத்த பெயர் கிலுகிலுப்பை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் முட்டி போடும்போது டப்பா சத்தம் போட, பக்கத்தில் நின்று "மணி அடிச்சாச்சு" என்று முணுமுணுப்பேன். அவர் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. ரீட்டாதான் வீட்டுக்கு வந்து வட்டி போட்டுக் கோபித்துக்கொள்வாள்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மாதத்தில் எனக்குச் சளி பிடித்தது. முதல் நாள் தும்மல், மறுநாள் காய்ச்சல், அதற்குள் உடம்பு முழுக்க யாரோ மரச்சுத்தியலால் தட்டியது போல வலி. கப்பல் வந்திருந்தது, லீவு கிடையாது. முன்பெல்லாம் ரீட்டா போட்டுத் தரும் சுக்குக் காபியிலேயே என் காய்ச்சல் இறங்கிவிடும். பனைவெல்லம் போட்டிருந்தாலும் அடித்தொண்டையில் ஒரு கசப்பு நிற்கும். அந்தக் கசப்புதான் மருந்து என்று நான் பெருமையாகச் சொல்வேன். இந்தத் தடவை காபி குடித்தும் காய்ச்சல் இறங்கவில்லை. வயது ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை உடம்பு சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

மாத்திரை வாங்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. எங்கே வாங்குவது? எங்கள் தெரு மெடிக்கலில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் மாமனாருக்குத் தெரிந்துவிடும். அதனால் வேலைக்குப் போகும் வழியில் திருவொற்றியூர் தேரடியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, திருட்டு சாமான் வாங்குகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு மெடிக்கலில் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டேன். கடைக்காரர் அட்டையில் வேண்டியதை வெட்டிக் கொடுத்தார். பெயர் அச்சடித்த பக்கம் அவரிடமே தங்கிவிட்டது. வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று அவர் கேட்டதும் நினைவிருக்கிறது. நானா, மாத்திரையா என்று சிரித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் மூக்கு குழாய் போல ஒழுகியது. வேறு ஒரு கடையில் சளி மாத்திரை வாங்கினேன். அதே கடைக்குப் போகாததற்குக் காரணம், நேற்று அங்கே அவ்வளவு வீரம் பேசியிருந்தேன். யார்டில் காதர் பாய் என் நடையைப் பார்த்தார். பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவர், இருபது வருஷ தோஸ்து. அவருக்கு இடுப்பு வலி. டிபன் பையில் வலி மாத்திரை வைத்திருப்பார். "இத்த ஒண்ணு போடு மாமு, எலும்பெல்லாம் எண்ணெ போட்ட மாதிரி ஆயிடும்" என்றார். அது மஞ்சளாக, நீளமாக இருந்தது. காய்ச்சல் மாத்திரை வெள்ளை. சளி மாத்திரை ஆரஞ்சு. மூன்றும் வேறு நிறம், வேறு அட்டை, வேறு வியாதிக்கு. என் மூளை டிக் அடித்தது.

காதர் பாயிடம் மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். இரண்டு சாயங்காலம் மிளகு போட்ட பிராந்தியும் குடித்தேன். அது மருந்துக் கணக்கில் வராது என்று நினைத்தேன். நாக்கு செத்துப்போனதால் சோறு இறங்கவில்லை. இப்படி நாலு நாள்: மூன்று வேளையும் வெள்ளை, மூன்று வேளையும் ஆரஞ்சு, மூன்று வேளையும் மஞ்சள். வீட்டில் வழக்கம் போலக் காலையிலும் வந்ததும் படுக்கும் முன்பும் சுக்குக் காபி. ரீட்டா மாத்திரை போடச் சொல்லிக் கேட்கவே இல்லை. கேட்டால் நான் எங்கப்பா கதையைத் தொடங்குவேன் என்று அவளுக்குத் தெரியும்.

காய்ச்சல் போனது. நான்தான் சரியாகவில்லை. ஐந்தாம் நாள் வாந்தி. வலது பக்க விலாவுக்குக் கீழே கனமாக ஒரு வலி. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனது. மணலி ரிஃபைனரிப் பக்கம் அன்றைக்கு நாற்றம் அதிகம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நானும் அதன் மேலேயே பழியைப் போட்டேன். மறுநாள் காலை யார்டு வாசலில் காதர் பாய் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"கண்ணு மஞ்சளா கீது நைனா. நீ வூட்டுக்குப் போ. பெட்டி எங்கயும் ஓடிப் பூடாது."

தெரு முனை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து மஞ்சள் காமாலை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குள் வீட்டு வாசலில் கூட்டம் கூடி, கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒருவர் மூக்கில் சொட்டு மருந்து விடுகிறார், ஒரே நாளில் இறங்கிவிடும் என்று ஆளுக்கொரு யோசனை. எனக்கு மூக்குச் சொட்டு பிடித்திருந்தது. அது மாத்திரை இல்லையே. ரீட்டா ஒரு பையில் துண்டு, சொம்பு, ஆதார் கார்டு எல்லாம் போட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பையை அவள் எப்போது கட்டினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வழியெல்லாம் டிரெய்லர் லாரிகள். கன்டெய்னர் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நின்றதில் எங்கள் ஆட்டோ இரண்டுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. வாந்தி வந்துவிடாமல் இருக்கப் பழக்கதோஷத்தில் பெட்டி நம்பர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். நான் பிதற்றுகிறேன் என்று நினைத்து ரீட்டா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இல்லை, நம்பர் படிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கையை விட்டுவிடுவாள் என்று சும்மா இருந்தேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். கண்ணாடி மூக்கின் பாதியில் நின்றது. தூங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும் போலிருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பக்கத்தில் மாமனார் நின்றிருந்தார், சட்டைப் பையில் டப்பாவோடு.

"மாத்திரையா மேடம்? நம்ம பரம்பரையிலயே கெடையாது" என்றேன்.

ரீட்டாவும் தலையாட்டினாள். "இவரு மாத்திரைய கண்ணால கூட பாக்க மாட்டாரு மேடம்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கவனித்தேன், அர்த்தம் புரியவில்லை.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியால் ஒரு நாள் போனது. மாத்திரை இல்லை என்றால் கிருமியாக இருக்க வேண்டும் அல்லவா? காமாலை கொண்டு வரும் கிருமிகள் ஒவ்வொன்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எலிக் காய்ச்சலுக்கு ஒரு டெஸ்ட், டெங்குவுக்கு ஒரு டெஸ்ட். வயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு வெளியே பெஞ்சில் என்னைப் போல ஏழு பேர், எல்லோருக்கும் ஒரே நிறம். மாம்பழ சீசன் என்று நான் சொன்னதற்கு ஒருவர் சிரித்தார். அவருக்கும் விலாவில் வலி போல, உடனே நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அதே டாக்டர் ரிப்போர்ட்டுகளோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் விஷயம் பெரியது என்று அங்கே ஒரு நாள் இருந்தாலே தெரிந்துவிடும். கிருமி எதுவும் இல்லை என்றார். கல்லீரலுக்குள் இருக்க வேண்டிய ஒரு சாமான் ரத்தத்தில் கொட்டிக் கிடக்கிறது, அதைத்தான் எஸ்ஜிபிடி என்று அளக்கிறார்கள், சாதாரணமாக நாற்பது ஐம்பதுக்குள் இருக்க வேண்டியது உங்களுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்றார். அதைவிடப் பயம் இன்னொரு எண். வெட்டுப்பட்டால் ரத்தம் உறையத் தேவையான பொருளைச் செய்வது கல்லீரல். அது வேலை செய்யாவிட்டால் ரத்தம் உறைய நேரமாகும். அந்த நேரத்தை ஐஎன்ஆர் என்று ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது எனக்கு மூன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இது இன்னும் ஏறிச்சுன்னா, மாத்துக் கல்லீரல் பத்திப் பேச வேண்டி வரும் ஐயா. காரணம் தெரிஞ்சா அதுக்குன்னு மருந்து இருக்கான்னு பாக்கலாம். காலத்தோட கொடுக்கணும். அதனால திரும்பக் கேக்கறேன். என்ன சாப்பிட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரீட்டா பேசினாள்.

"நான்தான் மேடம் குடுத்தேன். காச்ச மாத்திரைய பொடிச்சி சுக்குக் காபியில கலந்து குடுத்தேன். மூணு வேளையும்."

டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்டார்.

"இந்த வாட்டி அஞ்சு நாளு. ஆனா கண்ணாலம் ஆனதுலேர்ந்து இப்டித்தான் மேடம். எப்ப காச்ச வந்தாலும். இவரு நேரா குடுத்தா துன்ன மாட்டாரு."

இருபத்தாறு வருஷம். என் மாத்திரை போடாத பரம்பரைப் பெருமை அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்படியே சரிந்து விழுந்தது. அடித்தொண்டையில் நின்ற அந்தக் கசப்பு எது என்று அப்போதுதான் தெரிந்தது. அதை ஊரெல்லாம் புகழ்ந்திருக்கிறேன்.

ரீட்டா அழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான் இப்டி ஆச்சா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். மாமனார் எதிரே நிற்கிறார், பக்கத்துக் கட்டில்காரர் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார், காரணம்தான் தெரிந்துவிட்டதே, நான் வேறு எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று ஒரு குரல் உள்ளே ஓடியது. இருபத்தாறு வருஷம் எனக்குத் தெரியாமல் என்னைக் காப்பாற்றியவள் மேல் முழுப் பழியும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். டாக்டர் அவள் சொன்னதை எழுதினார், எழுதிவிட்டு நெற்றியைச் சுருக்கினார். அந்த அளவுக்கு இவ்வளவு தூரம் ஆகாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ரீட்டா கம்பியை விட்டுவிட்டு, என் காலில் விலகியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அவ மேல தப்பில்ல மேடம்" என்றேன். "நானும் போட்டேன். மூணு தினுசு. ஒளிச்சி வெச்சி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை, ஆரஞ்சு, மஞ்சள், மிளகு பிராந்தி, சோறு இறங்காதது. டாக்டர் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். பதினைந்து நிமிஷத்துக்குள் என் கையில் ஒரு பாட்டில் ஏறிவிட்டது. அதோடு, அத்தனை மருந்தின் அட்டையும் வேண்டும், வெறும் அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் போவது? எழுபத்தொரு வயது மாமனார் செருப்பை மாட்டினார். வீட்டில் ரீட்டா அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்ததை எடுத்தார். யார்டுக்குப் போய், அங்கே மாட்டியிருந்த என் வேலைச் சட்டையின் பையைத் துழாவி வெள்ளையையும் ஆரஞ்சையும் எடுத்தார். காதர் பாயின் டிபன் பையிலிருந்து மஞ்சளை வாங்கினார். பெயர் இல்லாமல் வெட்டின துண்டு அட்டையை எடுத்துக்கொண்டு தேரடிக் கடையைத் தேடிப்போய், முழு அட்டையை போனில் படம் எடுத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் திரும்பி வந்து, நாலையும் என் போர்வை மேல் வரிசையாக வைத்தார். டாக்டர் பேனா முனையால் ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் இருந்த ஒரு பெயரைக் காட்டினார்.

பாரசிட்டமால். பாரசிட்டமால். பாரசிட்டமால். பாரசிட்டமால்.

சளி மாத்திரையில் மூக்கொழுகலுக்கு இரண்டு மருந்து, கூடவே பாரசிட்டமால். வலி மாத்திரையில் வலிக்கு ஒரு மருந்து, கூடவே பாரசிட்டமால். காய்ச்சல் மாத்திரை முழுக்கவே அதுதான். ரீட்டா பொடித்ததும் அதுதான், வேறு கம்பெனி. நாலு பெட்டி, நாலு நம்பர், நாலு சீல். உள்ளே ஒரே சரக்கு. இருபத்து நாலு வருஷம் பெட்டியின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வியாதி வர முடியாது.

டாக்டர் கூட்டிப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஆறு கிராமுக்கு மேல் உள்ளே போயிருந்தது. நன்றாகச் சாப்பிடுகிற, குடிக்காத, பெரிய ஆளுக்கே ஒரு நாளைக்கு நாலு கிராம்தான் உச்ச எல்லை என்றார். பட்டினியும் பிராந்தியும் சேர்ந்தவர்களுக்கு அதுகூட ஆகாது. அளவோடு போனால் கல்லீரல் இந்த மருந்தைச் சுத்தம் செய்து அனுப்பிவிடும். அளவு மீறினால் சுத்தம் செய்யும் பொருள் தீர்ந்துபோய், மிச்சம் விஷமாக மாறிக் கல்லீரலையே அரிக்கும். எனக்கு ஏற்றிய பாட்டில், தீர்ந்துபோன அந்தப் பொருளைத் திரும்ப நிரப்புகிற மருந்து. அதன் பெயரை நான் இன்னும் ஒழுங்காகச் சொல்லப் பழகவில்லை. அசிட்டைல் என்று தொடங்கும். நர்ஸ் அதைத் திறக்கும்போது லேசாக அழுகின முட்டை வாடை வந்தது. கந்தக வாடை.

"மணலி நாத்தத்த பாட்டில்ல அடைச்சி எனக்கே ஏத்துறாங்க பாரு" என்று ரீட்டாவிடம் சொன்னேன். நல்ல ஜோக்தான். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாட்கள் அப்படித்தான் போயின. பாட்டில் சொட்டும். காலையிலும் சாயங்காலமும் ரத்தம் எடுப்பார்கள், மூன்று மணி நேரம் கழித்து அந்த ஐஎன்ஆர் எண் வரும். மூன்றுக்குக் கீழே இறங்கவேண்டும், அவ்வளவுதான் எங்கள் மூன்று பேரின் வாழ்க்கை. முதல் நாள் சாயங்காலம் இறங்குவதற்குப் பதில் ஏறியது. நான் அன்றைக்கு ஜோக் எதுவும் சொல்லவில்லை. பேச்சு குழறுகிறதா, தலை சுற்றுகிறதா என்று மணிக்கொரு தடவை யாராவது வந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார்கள். கல்லீரல் கைவிட்டால் மூளை குழம்புமாம். கிழமையைச் சரியாகச் சொன்னதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது பள்ளிக்கூடத்தில்கூட இல்லை.

ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாது. அதனால் மாமனார் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தார். படுக்கும் முன் தகர டப்பாவைத் திறந்து, சீட்டைப் பிரித்துப் படித்து, தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மாத்திரையின் பெயர், அதற்குள் என்ன மருந்து, எதற்கு, எத்தனை மணிக்கு. ரயிலுக்கு பிரேக் பார்த்த கை, எழுத்து நூல் பிடித்தது போல இருந்தது. கிலுகிலுப்பை என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று, மாமா என்று தொடங்கினேன்.

"தூங்கு மாப்ள" என்றார். "மணி அடிச்சாச்சு."

காலையில் ரீட்டா கஞ்சி கொண்டு வருவாள். உப்புப் போடாத கஞ்சி. தூக்கில் ஊற்றி, துணி சுற்றி, சூடு ஆறாமல். ஊட்டிவிடுவாள், வாயைத் துடைத்துவிடுவாள், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். காதர் பாயும் வந்தார். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். வலி மாத்திரை கொடுத்தது அவர்தானே என்று உள்ளே வரத் தயங்கினார் என்று மாமனார் சொன்னார். கூப்பிட்டு உட்காரவைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆகாது என்று தெரிந்தே மற்ற இரண்டு பேருக்கும் பிரியாணி கொண்டு வந்திருந்ததாகச் சொன்னார். வாசனை மட்டும் எனக்கு.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வரும்போதே தாளை ஆட்டிக்கொண்டு வந்தார். எண் இறங்கியிருந்தது. இரண்டுக்கு அருகில். அப்படி ஒரு தடவை திரும்பினால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காமல் இறங்கும் என்றார். மாமனார் சிலுவை போட்டுக்கொண்டார். ரீட்டா தூக்கைக் கழுவுகிற சாக்கில் வெளியே போகப் பார்த்தாள்.

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். டாக்டரிடம் ஒரு சந்தேகம் என்றேன்.

"அவ காபியில போட்ட மாத்திரை மட்டும் உள்ள போயிருந்தா எனக்கு இன்னா ஆயிருக்கும் மேடம்?"

டாக்டருக்குப் புரிந்தது. ரீட்டாவைப் பார்த்தே சொன்னார். "காய்ச்சல் இறங்கியிருக்கும். வேற ஒண்ணும் ஆயிருக்காது. அவங்க கொடுத்தது சரியான அளவு. சொல்லாம கொடுத்ததுதான் தப்பு. அவங்க அன்னைக்கு வாயத் திறக்கலைன்னா இந்த பாட்டில் இன்னும் லேட்டாயிருக்கும்."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம்" என்றேன். "அவளுக்கு இந்தக் காது கேக்காது."

ரீட்டாவுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். டாக்டர் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். வார்டே கேட்டது. ரீட்டா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே என் தோளில் ஓர் அடி கொடுத்தாள், டிரிப்ஸ் இல்லாத பக்கமாகப் பார்த்து.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, பில் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. வெளியே வந்ததும் அந்த டாக்டருக்கு நன்றி சொல்லத் திரும்பிப் போனேன். அவர் வேறு ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் வந்துவிட்டேன். இதைப் படிக்க நேர்ந்தால், வணக்கம் மேடம், இன்றைக்கு வியாழக்கிழமை, எனக்கு ஞாபகம் இருக்கிறது.

யார்டில் எல்லோருக்கும் இப்போது நான் சொல்வது ஒன்றுதான். மாத்திரை நிறத்தைப் பார்க்காதீர்கள், கம்பெனி போட்ட பெயரைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே பொடி எழுத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டிருப்பதைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் கடைக்காரரைப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் வெட்டித் தந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் வலிக்கும் தனித்தனியாக வாங்கினால் மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டால் வயிறும் கிட்னியும் கெடும், பிரஷர் இருப்பவர்களுக்குச் சில சளி மாத்திரைகளே ஆகாது என்றும் டாக்டர் சொன்னார். குடிக்கிற ஆள் என்றால் அதையும் கடையில் சொல்லுங்கள், வெட்கம் பார்க்காதீர்கள். அளவு தவறிவிட்டது என்று தெரிந்தால் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஓடுங்கள். கல்லீரல் முதல் இரண்டு நாள் வாயைத் திறக்காது, என்னை மாதிரி. டாக்டர் கேட்டால் எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று குறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் சரி.

போன வாரம் மறுபடி சளி. யார்டிலிருந்து தும்மிக்கொண்டே வந்தேன். ரீட்டா அலமாரி மேலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். மாமனார் எனக்கென்று கொடுத்தது, மூடியில் என் பெயர் கீறியிருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு தினுசு மாத்திரை, ஒரு சீட்டு. தட்டில் ஒரு மாத்திரையை வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்தாள். அவள் பார்க்க விழுங்கினேன். அவள் சீட்டில் மணியை எழுதினாள்.

பிறகு சுக்குக் காபி கொண்டு வந்தாள். நான் வாங்காமல் டம்ளரையே பார்த்தேன்.

"இதுல இன்னா கீது?"

அவள் டம்ளரைத் தூக்கி, பாதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினாள். குடித்துப் பார்த்தேன். சுக்கு, பனைவெல்லம், கொஞ்சம் மிளகு. அடித்தொண்டையில் ஒன்றும் நிற்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ரீட்டாவின் காபி எவ்வளவு இனிப்பு என்று தெரிந்தது.